கடல் தெரியாத அறை

பிப்ரவரி 4

ஆய்வகத்தம்மாவுக்கு,

தீவுக் கடிதம் எழுதும் காலம் வந்துவிட்டது. உறையைப் பிரிக்கும்போதே பெருமூச்சு விட்டிருப்பாய். விட்டுக்கொள். ஆனால் கடைசிவரை படி.

இந்த முறை உண்மையாகவே அறை பதிவு செய்துவிட்டேன். ஜூன் பத்திலிருந்து ஒரு வாரம். எங்கள் முகாமுக்கு மாதம் ஒருமுறை பயண ஏஜென்ட் ஒருவன் வந்து கேன்டீனில் மேசை போட்டு உட்காருவான். நான் சொன்னதைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"சார், எல்லாரும் கடலைப் பாத்த ரூம் வேணும்னு சண்டை போடுவாங்க. நீங்க கடலே தெரியக் கூடாதுங்கறீங்க!"

"பத்தொன்பது வருஷமா கடலைத்தானப்பா குடிதண்ணியா மாத்திக்கிட்டிருக்கேன். லீவுலயும் அந்த மூஞ்சியையே பாக்கணுமா?"

பின்னால் வரிசையில் நின்ற வெல்டர், "அண்ணனுக்கு மரம் தெரிஞ்சாப் போதும். இலை ஆடுச்சுன்னா டிப்ஸ் குடுப்பாரு" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். இங்கே முழங்காலுக்கு மேல் வளர்ந்த செடி எதுவும் இல்லை. நாங்கள் தண்ணீர் செய்கிறோம். அது குழாய் வழியாக வேறு எங்கோ போகிறது. எங்களுக்கு மிஞ்சுவது குழாய்க்குள் படியும் உப்பு. அதைச் சுரண்டுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும்.

மே மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. தீவிலிருந்து உன்னோடு நேராக வீட்டுக்கு வருகிறேன், திரும்பிப் போகாமல்.

நேராக வீட்டுக்கே வரலாமே என்று கேட்பாய். சொல்கிறேன். போன முறை வந்தபோது தாகமாக இருந்தது. சமையலறையில் டம்ளர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். "இருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று நீ வந்தாய். விடுதியிலிருந்து வந்திருந்த மகள், "என்னப்பா, விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கறீங்க" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு யோசனை வந்தது: அந்தத் தீவில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று உனக்கும் தெரியாது. அங்கிருந்து தொடங்கினால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்போம்.

லீவு கிடைக்குமா பார்.

இப்படிக்கு,
உப்புக்காரன்

*

பிப்ரவரி 21

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசிவரை படித்தேன்.

ஜூன் மாதம் அந்தப் பக்கமெல்லாம் மழைக்காலம். படகு பாதி நாள் ஓடாது. பூமத்திய ரேகைக்கு அருகில் கொசுவும் அதிகம். இவை ஒவ்வொரு ஆண்டும் நான் எழுதும் ஆட்சேபங்கள்தான். இந்த ஆண்டு மட்டும் எழுதாவிட்டால் நீங்கள் பயந்துவிடுவீர்கள்.

'பதிவு செய்துவிட்டேன்' என்று நீங்கள் எழுதுவது இது நான்காம் முறை. 'ஒப்பந்தம் முடிகிறது' என்பதும் ஏறக்குறைய அப்படித்தான். குறை சொல்லவில்லை. உங்கள் தீவால் வீட்டுக்கு நிறைய நன்மை நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்த வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் வரவில்லை என்று தெரிந்தபின் விடுப்பு கையில் இருக்கும். ஒரு ஆண்டு தரைக்கு ஓடு பதித்தது அந்த வாரத்தில்தான். ஒரு ஆண்டு கடைவாய்ப் பல் பிடுங்கியதும், மகளைக் கல்லூரியில் சேர்த்ததும் அப்படியே. மேலாளரம்மாவே கேட்கிறார்: "என்னம்மா, தீவு லீவா? இந்த வருஷம் வீட்ல என்ன ரிப்பேர்?"

மகிழ்ச்சிதானே என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியவில்லை என்றுதான் எழுதியிருப்பேன். இந்த மாதம் எனக்கு நெல் மாதிரிகள். ஈரத்தாளில் விதைகளைப் பரப்பி வைத்து, முளைத்தது எவ்வளவு, அழுகியது எவ்வளவு என்று எண்ணி எழுத வேண்டும். பயறு வகைகளில் இன்னொரு பிரிவு உண்டு. கடின விதை. முளைப்பதும் இல்லை, அழுகுவதும் இல்லை. தண்ணீரை உள்ளே விடாமல் அப்படியே கிடக்கும். அதைச் செத்தது என்று எழுதக் கூடாது, அது விதி. தனியாகத்தான் எழுத வேண்டும்.

நம் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம் என்றே நான் இதுவரை நினைத்து வந்திருக்கிறேன். கெட்ட செய்தியை அது முடிந்த பிறகுதான் எழுதுவோம். நீராவியில் உங்கள் கை வெந்ததைத் தோல் புதிதாக வந்த பிறகு எழுதினீர்கள். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததை அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு நான் எழுதினேன். தூரத்தில் இருப்பவரிடம் பாதியில் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதுபோல நல்ல செய்தியையும் முடிந்த பிறகு நம்பலாம் என்று இருக்கிறேன்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான்

*

மார்ச் 15

ஆய்வகத்தம்மாவுக்கு,

புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் கடைசியில் புலி வந்தது. அதை மறந்துவிடாதே.

ஏற்பாட்டைக் கேள். நான் இங்கிருந்து நேராகத் தீவுக்குப் போகிறேன். உன் டிக்கெட் உன் ஊர் விமான நிலையத்தில், கவுண்டரில் இருக்கும். போய் உன் பெயரைச் சொன்னால் தருவார்கள். விமானம் இறங்கும் ஊரிலிருந்து படகு. பத்தாம் தேதி நான் படகுத்துறையில் நிற்பேன். உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம் என்று வெல்டர் சொல்கிறான். "அண்ணி, வழுக்கையா ஒருத்தர் மரத்தைப் பாத்து நின்னா அது அண்ணன்தான்னு எழுதுங்க" என்கிறான். எழுதிவிட்டேன்.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். பத்தொன்பது வருடம் இருந்த அறை ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. கொஞ்சம் அவமானமாக இருந்தது. ரேடியோவையும் மின்விசிறியையும் வெல்டருக்கே கொடுத்துவிட்டேன். "அண்ணே, திரும்பி வந்தீங்கன்னா குடுக்க மாட்டேன்" என்றான். "வர மாட்டேன்டா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க. ஆறு மாசத்துல வீட்ல சோபா மேல உக்காந்து என்ன பண்றதுன்னு தெரியாம வந்து நிப்பாங்க" என்றான்.

அதைக் கேட்டபின் உனக்கு ஒரு வரி எழுதினேன். எழுதி, மை தெரியாமல் கறுப்பாக அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

போனில் கேட்கலாம் என்றால், காவலாளி அறையில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். நீ 'ம்' என்பாய். நானும் 'ம்' என்பேன். அதற்குக் கடிதமே மேல்.

லீவு விஷயத்தை மட்டும் உறுதியாக எழுது.

இப்படிக்கு,
உப்புக்காரன்

*

ஏப்ரல் 9

உங்களுக்கு,

விடுப்பு அனுமதி ஆகிவிட்டது. ஜூன் பத்திலிருந்து.

அந்த வாரம் தங்கை வந்து வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மகளுக்கு அப்போது தேர்வு. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சின்னப் பை ஒன்று வாங்கினேன். தளர்வான உடைகள் இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அறைக்கு வெளியே என்ன மரங்கள் என்று ஏஜென்டிடம் கேட்டீர்களா? பனையும் தென்னையும் மட்டும் என்றால் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பலா இனத்தில் ஒரு மரம் அந்தப் பக்கம் உண்டு. இலை ஒரு முறம் அளவு இருக்கும், கை விரித்ததுபோல. படத்தில் பார்த்திருக்கிறேன்.

அடித்த வரியை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. நீங்கள் இங்கே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க உட்கார்ந்தேன். காலை நேரம் மட்டும் யோசிக்க முடிந்தது. குளியலறைக்கு யார் முதலில் போவது என்பதில் நின்றுவிட்டது.

நான்

*

ஜூன் 12
மருத்துவமனை

உங்களுக்கு,

முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பதற வேண்டாம்.

பத்தாம் தேதி காலை எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டிகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கு அதிகம். பிப்ரவரியில்தான் டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர், ஆனால் வாய் பெரிது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"படிச்சவங்கதானே நீங்க?"

"அதனாலதான் டாக்டர். இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். தீவு வாரம் என்றேன். அதுதான் ஏற்கெனவே விடுப்பு கேட்டிருந்த வாரம். எப்படியும் கையில் மிஞ்சும் வாரம். மே மாதம் உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. நீட்டித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நீட்டிக்கும் ஆண்டுகளில் நீங்கள் மே மாதம் எழுதுவதில்லை.

அறுவைக்கு முன் நர்ஸ் வந்து கையெழுத்து கேட்டாள். "வீட்டுக்காரர் எங்கம்மா?"

"தீவுக்குப் போயிருக்கார்."

"உங்களை இப்படி விட்டுட்டா? என்ன மனுஷங்க அவரு!"

விளையாட்டுக்குச் சொன்னேன். அவள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது சாப்பாடு கொண்டுவருபவர்கூட என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

வலி இருக்கிறது. மருந்து கொடுப்பதால் அது பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல இருக்கிறது. சத்தம் வருகிறது, சொல் புரிவதில்லை. மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை. அழுதால் நல்லது என்கிறாள் தங்கை. எதற்கு என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதை வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்க அவளிடம் கொடுக்கிறேன். முகாம் முகவரிக்கே எழுதியிருக்கிறேன். இந்த ஆண்டும் தீவு நல்லபடியாகக் கழிந்தது.

நான்

*

ஜூன் 14
தீவு

உனக்கு,

பத்தாம் தேதி படகுத்துறையில் நின்றேன். புதுச் சட்டை. காலைப் படகு வந்தது, மதியப் படகு வந்தது, சாயங்காலப் படகு வந்தது. கடைசிப் படகிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், நான் அவர் முகத்தையே பார்த்ததால், "யாரு வேணும் உங்களுக்கு?" என்று அதட்டினார்.

விடுதிக்காரி நல்லவள். "அடுத்த நாள் வந்துடுவாங்க சார், விமானம் தவறியிருக்கும்" என்றாள். அடுத்த நாளும் போய் நின்றேன். வீட்டுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளுக்குச் செய்தால் விடுதியில், 'தேர்வு நேரம், அழைக்க முடியாது' என்றார்கள். அறையில் இரண்டு டம்ளர்களை எங்கே வைத்திருந்தார்கள் என்பதை வந்த உடனேயே பார்த்துவிட்டேன். நீ வந்து தேடட்டும் என்று எடுக்கவில்லை. குழாயில் கையேந்திக் குடித்தேன். இந்த வயதில் இப்படி ஒரு கிறுக்குத்தனம்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் உன் தங்கை எடுத்தாள். அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினாளாம்.

"அத்தான்! எங்கேருந்து பேசறீங்க?"

"தீவுலேருந்து."

"விளையாடாதீங்க அத்தான், அக்காவும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா. அவ ஆஸ்பத்திரில இருக்கா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. முடிஞ்சதும் உங்களுக்கு எழுதிட்டா. இப்பத்தான் தபால்ல போட்டேன்."

"எங்கேன்னு எழுதியிருக்கா?"

"உங்க முகாமுக்குத்தான். வேற எங்கே எழுதறது? மே மாசம் கடிதம் வரலைன்னதுமே நீங்க நீட்டிச்சுட்டீங்க, வர மாட்டீங்கன்னு அக்கா சொல்லிட்டாளே."

அதன் பிறகு அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன். அன்று இரவு காற்று கிளம்பி எல்லாம் நின்றுவிட்டது. போன் இல்லை. படகும் இல்லை. தபால் பை மட்டும் ரோந்துப் படகில் போகிறதாம். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். "கடிதம் போகலாம் சார், ஆள் போகக் கூடாது" என்றான் அந்தப் பையன். நம் வாழ்க்கையை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விடுப்பு, தங்கை, சின்னப் பை, தளர்வான உடை. ஒரு பொய் கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மே மாதம் நான் எழுதாதது, ஜூனில் நேரிலேயே பார்க்கப் போகிறோமே என்பதால். அதையும் நீ வேறு கணக்கில் வைத்துக்கொண்டாயாம்.

கோபம் நீ வராததற்கு இல்லை. உடம்பு முடியாமல் எப்படி வருவாய்? நான் வர மாட்டேன் என்பதை நம்பி ஒரு நாள் குறித்திருக்கிறாய் பார், அதற்கு. ஆட்களில் நம்பகமானவன் என்று வராதவனைப் பிடித்திருக்கிறாய். கத்தி வைக்கும் நேரத்தில் கூட நான் உனக்கு ஒரு காலி வாரம்.

நேற்றுக் காற்றில் ஜன்னலுக்கு வெளியே இருந்த பெரிய மரம் சாய்ந்துவிட்டது. இப்போது அறையிலிருந்து கடல் தெரிகிறது. விடுதிக்காரி கூடுதல் வாடகை கேட்க மாட்டேன் என்று ஆறுதல் சொன்னாள்.

முகாமில் என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கிளம்பும்போதே மேற்பார்வையாளர் சொன்னார். "மனசு மாறினா ஒரு வார்த்தை சொல்லுங்க." படகு ஓடத் தொடங்கினால் இங்கிருந்து இரண்டு பக்கமும் போகலாம். வந்து நான் என்ன செய்ய என்று எனக்கே தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்துவிட்டது. பார்த்துக்கொள்ளத் தங்கை இருக்கிறாள். எந்தப் படகில் ஏறுவது என்று நீயே எழுது. வாரம் முடிந்தாலும் உன் கடிதம் வரும்வரை இந்த அறையில்தான் இருப்பேன். தயவுசெய்து 'ம்' என்று எழுதாதே.

நான்தான்

*

ஜூன் 19
வீடு

உங்களுக்கு,

நேற்று வீட்டுக்கு வந்தேன். இன்று காலை உங்கள் கடிதம் வந்தது. தங்கை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சொன்னபோது நான் நம்பவில்லை. "மயக்கத்துல இருக்கறது நானா நீயா?" என்று அவளைக் கேட்டேன். உறையில் அந்தத் தீவின் முத்திரை இருந்தது. அதன் பிறகுதான் நம்பினேன். நம்பியதும் வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை, சிரிப்போ அழுகையோ எதுவும் வரவில்லை.

நீங்கள் எழுதியது சரி. உங்கள் வராமையை நம்பித்தான் நாள் குறித்தேன். அதைத் தவிர நம்புவதற்கு இத்தனை ஆண்டுகளில் எனக்கு வேறு என்ன பழக்கம்? நீங்கள் லீவு கிடைத்ததா என்று இரண்டு முறை கேட்டீர்கள். வருகிறாயா என்று ஒருமுறை கூடக் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று எழுதவில்லை. வருகிறீர்களா என்று கேட்கவும் இல்லை. யார் குற்றம் பெரிது என்று பார்க்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

உங்கள் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் படகுத்துறைப் பகுதியைத் தங்கை கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். "அத்தான் இவ்வளவு பேசுவாராக்கா?" என்றாள். "பேச மாட்டார். எழுதுவார்" என்றேன்.

இப்போது ஒரு விஷயம். வழக்கப்படி இதை இன்னும் எழுதக் கூடாது.

எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அனுப்புவதுதான். ஆனால் நேற்று வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் வந்து, ஒரு கட்டி மற்றவை மாதிரி இல்லை என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் கட்டில் கம்பியைப் பார்த்தார். வாயாடிகள் அப்படிச் செய்தால் கவனிக்க வேண்டும். என் மாதிரிக்கும் யாரோ ஒரு எண் போட்டுத் தட்டில் வைத்திருப்பாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று போயிருப்பாள். நானும் அப்படித்தான் போவேன். முடிவு அடுத்த வாரக் கடைசியில் வரும் என்கிறார்கள்.

நல்லதாகவும் இருக்கலாம். என் வேலையில் நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. மகளுக்குத் தெரியாது. தங்கைக்கும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஒருவர்தான், அதுவும் பாதியில்.

முடிவை வாங்கப் போகும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தங்கை திங்கட்கிழமை ஊருக்குப் போகிறாள். அவள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கவா என்று கேட்டாள். வேண்டாம், ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. நாம் ஒருவரை ஒருவர் எரிச்சல்படுத்துவோம் என்பதற்கு இருக்கிறது. குளியலறைப் பிரச்சினையை நான் இன்னும் தீர்க்கவில்லை. இருந்தாலும் இந்தப் பக்கம் வரும் படகில் ஏறுங்கள்.

முன்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தான் படுத்திருப்பேன். மணியை அடியுங்கள். நான் ஒருக்களித்து, கையூன்றி, சுவரைப் பிடித்து எழுந்து வர வேண்டும். ரொம்ப நேரம் ஆகும். ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடாதீர்கள்.